இடது காதில் சொன்ன அறிவுரை

நாற்பத்தேழு வயதில் ஒரு மனுஷனுக்குத் திடீரென்று சேவை மனப்பான்மை வந்தால் இரண்டு காரணம்தான் இருக்க முடியும். ஒன்று, மனசு இளகியிருக்க வேண்டும். இல்லை, பிரமோஷன் கைவிட்டுப் போயிருக்க வேண்டும். என் மனசு அப்படியேதான் இருந்தது.

ஆரம்பத்தில் நான் குறிவைத்தது கம்போடியாவை. ராத்திரி ஷிப்டில் போனை நோண்டிக்கொண்டிருந்தபோது ஒரு விளம்பரம் கண்ணில் பட்டது. அநாதைக் குழந்தைகளுக்கு மருத்துவ உதவி, இரண்டு வாரம், ஆங்கோர்வாட் கோயில் சுற்றிப் பார்ப்பதும் சேர்த்து. மருத்துவம் தெரிந்திருக்கத் தேவையில்லை, பணம் கட்டினால் போதும் என்று போட்டிருந்தது. மருத்துவம் தெரியாது என்ற தகுதி என்னிடம் இருந்தது. மற்றது இல்லை.

ஆனாலும் வீட்டில் பேச்செடுத்தேன். என் மனைவி தோசையைத் திருப்பிப் போட்டுக்கொண்டே சொன்னாள்: “உங்கம்மாவுக்கு பிரஷர் மாத்திரை தீர்ந்து நாலு நாளாச்சு. அதை வாங்கிக் கொடுத்துட்டு கம்போடியா போங்க.” மெடிக்கல் ஷாப் வரை போனேன். என் முதல் சர்வதேசப் பயணம் அதோடு முடிந்தது.

பிறகுதான் படித்தேன். கம்போடியாவில் 2011-லேயே ‘குழந்தைகள் சுற்றுலாக் காட்சிப் பொருள் இல்லை’ என்று பெரிய பிரசாரமே நடந்திருக்கிறது. அங்கே அநாதை இல்லங்களில் இருந்த பிள்ளைகளில் நாலில் மூன்று பேருக்கு அம்மாவோ அப்பாவோ உயிரோடுதான் இருந்தார்களாம். வெள்ளைக்காரர்கள் பார்க்க வருகிறார்கள் என்பதற்காகவே இல்லங்கள் பெருகியிருக்கின்றன. ‘நல்லவேளை, நான் அந்தப் பாவத்தைச் செய்யவில்லை’ என்று நிம்மதிப் பெருமூச்சு விட்டேன். அதையேதான் கவரைப்பேட்டை தாண்டி ஒரு ஹோமில் செய்யப்போகிறேன் என்று அப்போது தெரியாது.

நான் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு ஃபவுண்டரியில் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். வார்ப்பைச் சுத்தியலால் லேசாகத் தட்டினால் வரும் சத்தத்தை வைத்தே உள்ளே விரிசல் இருக்கிறதா என்று சொல்லிவிடுவேன். இருபது வருஷமாக இதுதான் பிழைப்பு. சத்தம் சம்பந்தமாக யாராவது சந்தேகம் கேட்டால் எனக்குக் கொஞ்சம் கழுத்து விறைக்கும். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் நான் அவமானப்படும்போது உதவும்.

முதல் சனிக்கிழமை இரண்டு கிலோ பிளாக் ஃபாரஸ்ட் கேக்கோடு ஹோமுக்குப் போனேன். நாற்பது பிள்ளைகள் கை கட்டி வரிசையாக உட்கார்ந்து பாட்டுப் பாடினார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. முன்வரிசையில் இருந்த ஒரு சின்னப் பெண் பக்கத்துப் பெண்ணிடம் கிசுகிசுத்தாள்: “போன வாரக் கம்பெனி பட்டர்ஸ்காட்ச். இந்த மாசம் இது ஏழாவதுடி.”

2013-லேயே தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. திட்டத்தில் அரசு நடமாடும் மருத்துவக் குழு பள்ளிக்கூடத்துக்கே வந்து, பதினெட்டு வயது வரைக்கும் உள்ள பிள்ளைகளைச் சோதிக்கிறது. அந்தக் குழு எழுதிக் கொடுத்த சீட்டுகளை ஹோம் மேடம் எடுத்துக் காட்டினார். பாதிப் பேருக்குப் பல் சொத்தை. “இனிமே கேக் கொண்டுவரணும்னா டூத்பிரஷ்ஷும் சேர்த்துக் கொண்டாங்க சார்” என்றார். அவர் கோபப்படவில்லை என்பதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

அடுத்த சறுக்கல் போட்டோ. நாற்பது பிள்ளைகளுக்கு நடுவில் நான் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கும் படத்தை வாட்ஸப் ஸ்டேட்டஸில் போட்டேன். ‘அநாதைச் செல்வங்களோடு ஒரு மாலை’ என்று தலைப்பும் வைத்தேன். ஒரு மணி நேரத்தில் மேடத்திடமிருந்து போன். இளைஞர் நீதிச் சட்டம் 2015, பிரிவு 74, பராமரிப்பில் இருக்கும் குழந்தையை அடையாளம் காட்டக் கூடாது, ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம் அல்லது ரெண்டும் என்று நிதானமாகச் சொன்னார். என் கடைசி ஐந்து இன்கிரிமெண்டையும் கூட்டினாலும் அந்தத் தொகை வராது. உடனே அழித்தேன். அதற்குள் அறுபத்திரண்டு பேர் பார்த்திருந்தார்கள், மூன்று பேர் கைகூப்பியிருந்தார்கள்.

“அப்புறம் சார், அந்த அநாதைங்கற வார்த்தையும் வேணாம்” என்றார் மேடம். ஒருத்தனுக்கு அம்மா ஊத்துக்கோட்டைப் பக்கம் செங்கல் சூளையில் இருக்கிறாள். ஒருத்திக்குக் கும்மிடிப்பூண்டி இலங்கைத் தமிழர் முகாமில் பாட்டி இருக்கிறார், 1990-ல் வந்தவர். அப்பா அம்மா ரெண்டு பேருமே இல்லாத பிள்ளைகள் நாற்பதில் கொஞ்சம் பேர்தான். அந்தக் கொஞ்சம் பேரில் ஒருவன்தான் என்னிடம் மாட்டிக்கொண்ட ஒன்பது வயசுப் பையன்.

பையன் கூப்பிட்டால் திரும்ப மாட்டான். நேரே பார்த்துப் பேசினால் கேட்பான், பக்கத்தில் உட்கார்ந்து சொன்னால் எங்கோ பார்ப்பான். ‘இவனுக்குத் திமிரு’ என்று முதல் நாளே தீர்ப்பு எழுதிவிட்டேன். குவாலிட்டி இன்ஸ்பெக்டர் இல்லையா, ரிஜெக்ட் ஸ்டிக்கர் எப்போதும் கையிலேயே இருக்கும்.

மூன்று சனிக்கிழமை அவனை என் வலது பக்கத்தில் உட்காரவைத்து, தோளில் கைபோட்டு, பெரியவர்களுக்கு மரியாதை, ஒழுக்கம், அப்துல் கலாம் எல்லாம் சொன்னேன். அவன் அசையாமல் உட்கார்ந்திருந்தான். பேச்சு உள்ளே இறங்குகிறது என்று நினைத்தேன். அப்போதெல்லாம் என் பக்கம் இருந்தது அவனுடைய இடது காது.

அந்தக் காதில் செவிப்பறை ஓட்டை. இருபது வருஷமாகத் தட்டித் தட்டி விரிசல் கண்டுபிடிக்கும் எனக்கு அது தெரியவில்லை. பள்ளிக்கூடத்துக்கு வந்த அரசுக் குழுவின் நர்ஸுக்கு ஐந்து நிமிஷத்தில் தெரிந்திருக்கிறது. ‘இடது காதில் சீழ், கேட்கும் திறன் குறைவு’ என்று எழுதித் திருவள்ளூரில் இருக்கிற டி.இ.ஐ.சி. மையத்துக்குச் சீட்டுக் கொடுத்திருந்தார். குழந்தைகளின் பிறவிக் குறை, வளர்ச்சிக் குறை, காது, கண் எல்லாம் பார்க்க மாவட்டத்துக்கு ஒன்று என்று வைத்திருக்கும் மையம் அது.

காதில் சீழ் என்று கேட்டதும் எனக்குள் இருந்த பாட்டி வைத்தியர் விழித்துக்கொண்டார். நல்லெண்ணெயில் பூண்டு தட்டிப் போட்டுக் காய்ச்சி, இளஞ்சூடாக ரெண்டு சொட்டு விடச் சொன்னேன். சொன்னதோடு நிற்காமல் காய்ச்சி பாட்டிலில் கொண்டுபோயும் கொடுத்தேன். வீட்டில் அந்த வாரம் ரசத்துக்குப் பூண்டு இல்லை.

திருவள்ளூருக்கு நானே கூட்டிப்போகிறேன் என்று லீவு போட்டேன். ஹோமில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் அக்காவும் கூட வருவதாக இருந்தது. அவர் சொன்னார்: “காலைல ஆறு மணிக்குப் பெரியபாளையம் வழியா பஸ் பிடிச்சா ஓ.பி. தொடங்குற நேரத்துக்குப் போயிடலாம் சார்.” நான் சிரித்தேன். “எதுக்குக்கா குலுங்கிக்கிட்டு? ஜம்முனு டிரெயின்ல போலாம்.” அக்கா ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு, “சார் சொன்னா சரி” என்றார். இந்த நாலு வார்த்தையை யாராவது உங்களிடம் சொன்னால் உடனே முடிவை மாற்றிக்கொள்ளுங்கள்.

மூன்று வார்த்தைதான். அன்றைக்கு என் கணக்கு எல்லாமே அப்படித்தான் இருந்தது.

கும்மிடிப்பூண்டி திருவள்ளூர் மாவட்டத்தில்தான் இருக்கிறது. ஆனால் ரெண்டு ஊருக்கும் நேர் ரயில் கிடையாது. கும்மிடிப்பூண்டி லைன் வடக்கே போகிறது, திருவள்ளூர் லைன் மேற்கே போகிறது. சொந்த மாவட்டத் தலைநகருக்கு ரயிலில் போக வேண்டுமானால் சென்னைக்குள் இறங்கி, பேசின் பிரிட்ஜில் மாறி, ஆவடி வழியாகத் திரும்ப வெளியே வர வேண்டும். 80 கிலோமீட்டருக்கு மேல். தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது என்பார்களே, நாங்கள் தலையைச் சுற்றிக் காதைத் தொடப் போனோம்.

எங்களோடு ஒரு ஜெர்மனிப் பெண்ணும் வந்தாள். பத்தொன்பது வயசு. ‘வெல்ட்வேர்ட்ஸ்’ என்று ஜெர்மனி அரசு 2008 முதல் நடத்தும் திட்டத்தில், ஒரு வருஷம் ஹோமில் தன்னார்வலராக இருக்க வந்தவள். வயல்காட்டு ஆங்கிலத்தில் நான் அவளுக்கு இந்தியாவை விளக்கிக்கொண்டே வந்தேன். “திஸ் இஸ் மீஞ்சூர். நெக்ஸ்ட் நந்தியம்பாக்கம்.” எண்ணூர் வந்தபோது அவள் பொறுக்க முடியாமல் சொன்னாள்: “அண்ணா, பேசின் பிரிட்ஜ்ல படி ஏறணும். இவனைக் கையப் பிடிச்சுக்கோங்க. வலது பக்கமா நில்லுங்க, அப்பதான் கேக்கும்.” நல்ல தமிழ். என் ஆங்கிலத்தை விட.

பேசின் பிரிட்ஜில் ஒரு வண்டி விட்டோம். அடுத்தது லேட். புட்லூர் தாண்டும்போது மணி பன்னிரண்டு. ஆஸ்பத்திரி வாசலில் ஷேர் ஆட்டோ நின்றபோது ஓ.பி. முடிந்து பெருக்கிக்கொண்டிருந்தார்கள். அக்கா ஒரு வார்த்தை சொல்லவில்லை. கட்டைப்பையிலிருந்து புளிச்சாதப் பொட்டலங்களை எடுத்தார். நாலு பொட்டலம். மத்தியானம் ஆகிவிடும் என்று காலையிலேயே கட்டியிருக்கிறார்.

பையனுக்கு மட்டும் அன்றைக்கு ஒரு குறையும் இல்லை. ரெண்டு எலெக்ட்ரிக் டிரெயின், ஜன்னல் சீட். “அங்கிள், நாளைக்கும் இப்பிடியே போலாமா?” என்றான். அந்த நாளில் என்னைப் பாராட்டியது அவன் ஒருத்தன்தான்.

மறுநாள் பஸ். வாயைத் திறக்காமல் ஏறி, வாயைத் திறக்காமல் இறங்கினேன். எட்டரைக்கெல்லாம் டோக்கன் கையில். டாக்டர் காதுக்குள் லைட் அடித்துப் பார்த்துவிட்டு மூக்கைச் சுளித்தார்.

“யாரு காதுல எண்ணெய் ஊத்துனது?”

அறை அமைதியானது. அக்கா சுவரில் இருந்த தடுப்பூசி அட்டவணையைப் படித்தார். ஜெர்மனிப் பெண் தன் செருப்பைப் பார்த்தாள். நானும் அவர்களைப் போலவே யோசனையாக ஃபேனைப் பார்த்தேன். பையன் விரலை நீட்டி என்னைக் காட்டினான்.

செவிப்பறையில் ஓட்டை இருக்கும்போது எண்ணெயோ தண்ணியோ விட்டால் நேரே நடுக்காதுக்குப் போகும், சீழ் இன்னும் அதிகமாகும். காது முதலில் காய வேண்டும். சொட்டு மருந்து, குளிக்கும்போது பஞ்சு, குளத்தில் முங்கக் கூடாது. காய்ந்தபிறகு ஆபரேஷன். காதுக்குப் பின்னாலிருந்தே மெல்லிய சவ்வை எடுத்து ஓட்டைமேல் ஒட்டிவிடுவார்களாம். எங்கள் ஃபவுண்டரியில் ஓட்டையை ஒட்டி அனுப்பினால் கஸ்டமர் மொத்த லாட்டையும் திருப்பி அனுப்புவான். இதை டாக்டரிடம் சொன்னேன். அவர் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார்.

பிறகு காது டெஸ்ட். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப்பக்கம் பையன் ஹெட்போன் மாட்டி உட்கார்ந்திருந்தான். சத்தம் கேட்டால் கையைத் தூக்க வேண்டும். உற்சாகப்படுத்தலாம் என்று வெளியே இருந்து, “கையத் தூக்குடா தம்பி” என்றேன். டெஸ்ட் எடுத்த மேடம் திரும்பினார்.

“ஏன் சார் கத்துறீங்க?”

“கத்தலயே மேடம். மெதுவாத்தானே சொன்னேன்.”

அவர் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். “எங்க வேலை பாக்குறீங்க?” என்றார். சொன்னேன். “இவன் முடிச்சதும் நீங்க உள்ள போய் உக்காருங்க.”

எங்கள் கம்பெனியில் வருஷாவருஷம் காது டெஸ்ட் உண்டு. எட்டு மணி நேர ஷிப்டுக்கு 90 டெசிபலுக்கு மேல் சத்தம் கூடாது என்பது விதி. எனக்குக் கொடுத்த இயர்பிளக் என் ஹெல்மெட்டில் மாலை மாதிரித் தொங்கும். டெஸ்டின்போது டெக்னீஷியன் விரல் அசைவதைப் பார்த்துப் பார்த்துப் பட்டனை அழுத்தி, பதினெட்டு வருஷம் பாஸாகியிருக்கிறேன். இங்கே அந்த மேடம் தன் கையை மறைத்துக்கொண்டார். அநியாயம்.

ரிசல்ட்டில் 4000 ஹெர்ட்ஸ் கிட்டே கோடு பள்ளத்தில் விழுந்திருந்தது. இடி மாதிரிச் சத்தத்தில் நாள் முழுக்க நிற்பவர்களுக்கு வரும் பள்ளம் அது. மேடம் எங்கள் ரெண்டு பேர் சார்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். “பையனுக்கு ஓட்டை, அடைச்சுடலாம். உங்களுக்கு நரம்பு. போனது போனதுதான். மிச்சத்தைக் காப்பாத்திக்குங்க.” உதவி செய்யப் போனவன், உதவி வாங்க வந்தவனை விட மோசமான கண்டிஷனில் இருப்பதை அரசாங்கமே எழுத்துப்பூர்வமாகக் கொடுத்தது.

இதற்கு நடுவில் ஜெர்மனிப் பெண்ணின் ஒரு வருஷம் முடிந்தது. வழியனுப்பும் நாளில் பிள்ளைகள் அழவில்லை. அவள்தான் அழுதாள். பையன் அவளுடைய பையை கேட் வரைக்கும் தூக்கிப்போய்க் கொடுத்துவிட்டு வந்து, என் முன்னால் நின்று கேட்டான்: “அங்கிள், நீங்க எத்தனை மாசம்?”

எனக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. ஹோமுக்கு வருகிற எல்லோரிடமும் பிள்ளைகள் முதலில் விசாரிப்பது அதைத்தான். ஆறு மாசமா, ஒரு வருஷமா, ஒரு கேக்கா. அதற்குத் தகுந்தமாதிரி ஒட்டிக்கொள்வார்கள் போலிருக்கிறது. திருநெல்வேலிப் பக்கம் டோனாவூரில் எமி கார்மைக்கேல் என்ற அயர்லாந்து அம்மா இருந்தார். 1895-ல் இந்தியாவுக்கு வந்தவர், ஆதரவற்ற பிள்ளைகளுக்கு வீடும் ஆஸ்பத்திரியும் கட்டி, 1951-ல் சாகும்வரை ஒரு தடவைகூட ஊருக்குத் திரும்பவில்லை. அவரை மனசில் வைத்துக்கொண்டு நான் கம்பீரமாகச் சொன்னேன்: “நான் எங்கயும் போக மாட்டேன்டா. இங்கயேதான்.”

அடுத்த சனிக்கிழமை மச்சினன் வீட்டுக் கிரகப்பிரவேசம். அதற்கடுத்தது ஆடிட். அதற்கடுத்தது எதுவும் இல்லை, தூங்கிவிட்டேன்.

ஆபரேஷனுக்குச் சென்னையில் ஒரு பெரிய அரசு ஆஸ்பத்திரி. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டக் கவுன்ட்டரில், “நீங்க உக்காருங்கக்கா, நான் பாத்துக்கறேன்” என்று அக்காவைப் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு முன்னால் போனேன். கம்ப்யூட்டர் முன்னால் இருந்த தம்பி கேட்டார், “குடும்பத் தலைவர் பேரு?”

சட்டென்று என் பெயரைச் சொல்லிவிட்டேன். ஏன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. தம்பி டைப் அடித்தார். “பேஷன்ட்டுக்கு என்ன உறவு?”

“தன்னார்வலர்.”

“அப்பிடி ஒரு ஆப்ஷன் இதுல இல்ல சார்.”

ரேஷன் கார்டு உண்டா? இல்லை. வருமானச் சான்றிதழ்? ஒன்பது வயசுப் பையனுக்கு என்ன வருமானம் என்று நான் ஆரம்பிக்க, பின்னால் வரிசை முணுமுணுக்க, தம்பி தலையைச் சொறிய, அரை மணி நேரம் ஓடியது. சிஸ்டம் சரியில்லை, நாடு உருப்படாது என்று கொஞ்சம் உரக்கவே பேசினேன். எனக்கு அது மெதுவாகத்தான் கேட்டது.

அக்கா எழுந்து வந்தார். “முடிச்சிட்டீங்களா சார்?” என்று கேட்டுவிட்டு, கட்டைப்பையிலிருந்து ஃபைலை எடுத்தார். குழந்தைகள் நலக் குழுவின் உத்தரவு. ஹோம் பதிவுச் சான்று. ஆபரேஷனுக்குச் சம்மதக் கடிதம். பெற்றோர் இல்லாத ஹோம் பிள்ளைகளைத் திட்டத்தில் சேர்க்க எப்போதோ வழி செய்திருக்கிறார்கள், அதற்கான பேப்பரும் இருந்தது. எல்லாவற்றிலும் ரெண்டு ஜெராக்ஸ். பத்து நிமிஷத்தில் வேலை முடிந்தது. “முன்னாடியே சொல்லியிருக்கலாமேக்கா” என்றேன். “நீங்க பாத்துக்கறேன்னீங்களே” என்றார். நக்கலா இல்லையா என்று முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை.

அன்றிலிருந்து என் பதவி நிர்ணயமாகிவிட்டது. ஜெராக்ஸ் எடுப்பேன். வரிசையில் இடம் பிடித்து நிற்பேன், அக்கா வந்ததும் விலகிக்கொள்வேன். ஆஸ்பத்திரி வாசலில் நல்ல டீ எந்தக் கடையில் கிடைக்கும் என்பதும் என் இலாகாதான். பதவி உயர்வு கிடைக்கவில்லை என்று சேவைக்கு வந்தவனுக்கு இங்கேயும் அதேதான்.

ஆபரேஷன் நன்றாக முடிந்தது. சில மாசம் கழித்துக் கடைசி செக்கப்புக்குப் போனபோது, இடது காதும் ஏறக்குறைய வலது காதுபோல் கேட்கிறது என்றார்கள். திரும்பி வரும்போது கும்மிடிப்பூண்டி வண்டியில் நல்ல கூட்டம். எனக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்தது, அக்காவும் பையனும் எதிர்ப்பக்கம். கொருக்குப்பேட்டை தாண்டியதும் காற்று சுகமாக வந்தது. வெளியே பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன்.

மீஞ்சூர் கிட்டே யாரோ என் முழங்காலைத் தட்டினார்கள். பையன். கையில் வேர்க்கடலைப் பொட்டலம். எனக்காக வாங்கியிருக்கிறான், நந்தியம்பாக்கத்திலிருந்து கூப்பிட்டுக்கொண்டே இருந்தானாம். நான் திரும்பவே இல்லை. அக்காவுக்கு முகம் சுருங்கிவிட்டது, சின்னப் பிள்ளை கூப்பிட்டால் இப்படியா என்று.

அவன் என்னைச் சுற்றி வந்து, முகத்துக்கு நேரே நின்று, பொட்டலத்தைக் கையில் வைத்து அழுத்தினான். பிறகு திரும்பி அக்காவிடம் விளக்கினான். இந்தத் தடவை எனக்கு நன்றாகவே கேட்டது.

“அங்கிளுக்குத் திமிரெல்லாம் இல்லக்கா. காது.”